விஆர்எஃப்களுக்கு இடையே ரூட் பகிர்வு: ஸ்டேட்டிக்கா, பிஜிபியா, ஃபயர்வாலா?

ஒரே ஸ்விட்ச்சில் அலுவலகத்துக்கு ஒரு ரூட்டிங் டேபிள், கேமராவுக்கு ஒன்று, விருந்தினர் வைஃபைக்கு ஒன்று என்று விஆர்எஃப் பிரித்து முடித்த கையோடு அடுத்த கேள்வி வந்து நிற்கும்: டிஎன்எஸ் சர்வர் எல்லாருக்கும் ஒன்றுதானே, அதை மட்டும் எப்படி எல்லாப் பக்கமும் காட்டுவது? இதற்கு ரூட் லீக்கிங் என்று பெயர். வழிகள் பல இருக்கின்றன. எல்லா வழியிலும் பிங் போய்விடும் என்பதால் எதைத் தேர்ந்தாலும் முதல் நாள் வெற்றிதான். வித்தியாசம் தெரிவது நெக்ஸ்ட் ஹாப் (பாக்கெட்டை அடுத்து வாங்கிக்கொள்ளும் ரௌட்டர்) செத்துப்போகும் நாளிலும், ஆறாவது விஆர்எஃப் சேரும் நாளிலும், ஆடிட்டர் வரும் நாளிலும்.

கட்டுரை முழுக்க ஒரே அமைப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு கோர் ஸ்விட்ச்கள். அவற்றில் நான்கு விஆர்எஃப்கள்: அலுவலகம் (10.10.0.0/16), கேமரா (10.20.0.0/16), விருந்தினர் (10.30.0.0/16), சேவை (10.99.0.0/24). டிஎன்எஸ், டிஎச்சிபி, ஏடி (ஆக்டிவ் டைரக்டரி), பேட்ச் சர்வர் எல்லாம் சேவையில். மற்ற மூன்றும் சேவையைத் தொட வேண்டும். தங்களுக்குள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது.

## முதலில்: லீக் உண்மையிலேயே வேண்டுமா?

டிஎச்சிபிக்காக மட்டும் லீக் தேடுகிறவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். டிஎச்சிபி ரிலேவுக்கு, சர்வர் எந்த விஆர்எஃப்பில் இருக்கிறது என்று தனியே சொல்லும் வசதி உண்டு. சிஸ்கோ ஐஓஎஸ்-எக்ஸ்இயில் ஹெல்பர்-அட்ரஸ் கட்டளையிலேயே விஆர்எஃப் பெயரைக் கொடுக்கலாம். நெக்ஸஸில் ரிலே அட்ரஸ் வரியின் கடைசியில் ‘யூஸ்-விஆர்எஃப்’. கூடவே ரிலே இன்ஃபர்மேஷன் ஆப்ஷன் 82இல் விபிஎன் தகவலைச் சேர்க்கும் கட்டளையையும் போட வேண்டும். டிஎச்சிபி சர்வருக்கு அந்த ஆப்ஷன் புரிகிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். புரியாத சர்வரிடமிருந்து சரியான முகவரி வராமல் போகலாம்.

ஸ்விட்ச்சே அனுப்பும் சிஸ்லாக், என்டிபி, டாகாக்ஸ் ஆகியவற்றுக்கும் லீக் தேவையில்லை. ஒவ்வொன்றின் கட்டளையிலும் விஆர்எஃப் குறிப்பிட இடம் இருக்கிறது.

கேமரா விஷயம் வேறு. அங்கே பல நேரம் தவறு ரூட்டில் இல்லை, என்விஆரை (கேமரா ரெக்கார்டரை) வைத்த இடத்தில் இருக்கிறது. 300 கேமரா, தலைக்கு 4 மெகாபிட் என்றால் இரவும் பகலும் 1.2 கிகாபிட் ஓடுகிறது. ரெக்கார்டர் சேவையில் இருந்தால் இவ்வளவும் விஆர்எஃப் எல்லையைத் தாண்ட வேண்டும். ரெக்கார்டரைக் கேமரா விஆர்எஃப்புக்குள்ளேயே வைத்துவிட்டால் எல்லை தாண்டுவது பார்வையாளரின் இரண்டு மூன்று ஸ்ட்ரீம் மட்டும். லீக்கா ஃபயர்வாலா என்ற வாதமே அப்போது பாதி தீர்ந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

இந்தக் கேள்விகளுக்குப் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

- எத்தனை ப்ரீஃபிக்ஸ் (10.10.0.0/16 போன்ற ஐபி வரம்பு), எத்தனை ஜோடி? ஒரு சேவை விஆர்எஃப், மூன்று பயனர் விஆர்எஃப் என்றால் போக 3, வர 3, ஆக 6 திசை. கோர் இரண்டு என்பதால் 12 இடத்தில் கான்ஃபிக். திரும்பும் திசையை மறப்பதுதான் முதல் வாரத்துத் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாதி.
- நடுவில் யாராவது பார்க்க வேண்டுமா? லீக் செய்த ட்ராஃபிக்கில் ஸ்விட்ச்சுக்குத் தெரிந்தது ஏசிஎல் (அனுமதி-மறுப்புப் பட்டியல்) மட்டும். செஷன் நினைவு அதற்குக் கிடையாது.
- இரண்டு பக்கமும் ஒரே ஐபி எண்கள் வருமா? வந்தால் லீக் என்ற பேச்சுக்கே இடமில்லை. நேட் (ஐபி முகவரி மாற்றம்) வேண்டும், அதாவது ஃபயர்வாலோ ரௌட்டரோ வேண்டும்.
- அந்தப் பக்கத்து ரூட் மறைந்தால் இந்தப் பக்கமும் தானே மறைய வேண்டுமா?
- ஹார்டுவேர் டேபிளில் இடம் இருக்கிறதா? லீக் ஆன ஒவ்வொரு ரூட்டும் சேரும் விஆர்எஃப் ஒவ்வொன்றிலும் தனி என்ட்ரி. கேட்டலிஸ்ட் 9300இன் பொதுவான அளவு 32,000 ஐபிவி4 என்ட்ரி என்றாலும், அதில் 24,000 நேரடி ஹோஸ்ட்களுக்கு. ரூட்டாகக் கற்பவற்றுக்கு 8,000 மட்டும். 1,500 ரூட்டை ஐந்து விஆர்எஃப்புக்கு அப்படியே அள்ளிக் கொடுத்தால் 7,500 ஆகிவிட்டது.
- இரவு இரண்டு மணிக்குப் பழுது பார்ப்பவருக்கு பிஜிபி (ரூட்களைப் பரிமாறும் ப்ரோட்டோகால்) தெரியுமா? சங்கடமான கேள்விதான். ஆனாலும் கேட்டாக வேண்டும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | ஸ்டேட்டிக் லீக் | பிஜிபி ரூட்-டார்கெட் | ஃபயர்வால் வழி | பிபிஆர் (பாலிசி ரூட்டிங்) | லூப் கேபிள் |
|---|---|---|---|---|---|
| கூடுதல் பொருள் | இல்லை | இல்லை | ஜோடி ஃபயர்வால், லைசென்ஸ் | இல்லை | ஸ்விட்ச்சுக்கு 2 போர்ட் |
| வேகம் | லைன் ரேட் | லைன் ரேட் | ஃபயர்வாலின் திறன் வரை | பெரும்பாலும் லைன் ரேட் | போர்ட் வேகம் |
| ரூட் மறைந்தால் தானே விலகுமா | ட்ராக் போட்டால்தான் | ஆம் | டைனமிக் ரூட்டிங் இருந்தால் | தனியே செய்ய வேண்டும் | டைனமிக் ரூட்டிங் இருந்தால் |
| செஷன் சோதனை | இல்லை | இல்லை | உண்டு | இல்லை | இல்லை |
| ஒரே ஐபி இருபுறமும் | முடியாது | முடியாது | நேட் மூலம் முடியும் | முடியாது | முடியாது |
| பொருந்தும் அளவு | 2–3 ப்ரீஃபிக்ஸ் | பத்துகள் முதல் ஆயிரங்கள் | பாலிசி முக்கியமான இடம் | ஓரிரு விதிவிலக்கு | லேப், தற்காலிகம் |

## ஸ்டேட்டிக் லீக்

வரி ஒன்று போதும்: இந்த விஆர்எஃப்பில் இந்த ப்ரீஃபிக்ஸ் வந்தால் அந்த விஆர்எஃப்பில் இருக்கும் இந்த நெக்ஸ்ட் ஹாப்பிடம் கொடு. அரிஸ்டாவில் ஐபி ரூட் வரியில் ‘எக்ரெஸ்-விஆர்எஃப்’ என்று போடுவார்கள். நெக்ஸஸில் விஆர்எஃப் கான்டெக்ஸ்டுக்குள் நெக்ஸ்ட் ஹாப்பை அடுத்து மற்ற விஆர்எஃப்பின் பெயர். லினக்ஸில் ஓடும் எஃப்ஆர்ஆரில் ‘நெக்ஸ்ட்ஹாப்-விஆர்எஃப்’. ஜூனிபரில் ‘நெக்ஸ்ட்-டேபிள்’; அது கொஞ்சம் வேறு ஜாதி, பின்னால் பார்ப்போம்.

சிஸ்கோ ஐஓஎஸ் குடும்பத்தில்தான் சிக்கல். குளோபல் டேபிளுக்கும் விஆர்எஃப்புக்கும் இடையே ‘குளோபல்’ என்ற சொல்லோடு ஸ்டேட்டிக் போடலாம். ஆனால் விஆர்எஃப்புக்கும் விஆர்எஃப்புக்கும் இடையே ஸ்டேட்டிக் மூலம் லீக் செய்வது ஆதரிக்கப்படவில்லை, ரூட்-டார்கெட் இம்போர்ட்டைப் பயன்படுத்துங்கள், அதற்கு பிஜிபி நெய்பர் ஒன்றும் தேவையில்லை என்பதுதான் சிஸ்கோ ஆவணம் சொல்வது. வெளியேறும் இன்டர்ஃபேஸின் பெயரையும் சேர்த்து எழுதினால் பல பெட்டிகளில் ஓடத்தான் செய்கிறது. ஓடுகிறது என்பதற்காக அதன் மேல் ப்ரொடக்‌ஷனைக் கட்டினால், சாஃப்ட்வேர் அப்கிரேடுக்குப் பிறகு நின்றுபோனால் கேஸ் போட்டுக் கேட்க வழியில்லை.

மறைந்திருக்கும் செலவு நெக்ஸ்ட் ஹாப்பின் உயிரில் இருக்கிறது. எஸ்விஐ (விலானுக்கு ஸ்விட்ச்சில் இருக்கும் ஐபி இன்டர்ஃபேஸ்) என்பது அந்த விலானில் ஒரே ஒரு போர்ட் உயிரோடு இருந்தாலும் அப் ஆகவே நிற்கும். அதற்கு அப்பால் இருக்கும் ரௌட்டர் செத்தாலும் ஸ்டேட்டிக் ரூட் டேபிளை விட்டு நகராது. பாக்கெட்டுகள் போய் விழுந்துகொண்டே இருக்கும். நெக்ஸ்ட் ஹாப் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் ஐபி எஸ்எல்ஏ ட்ராக்கோ பிஎஃப்டியோ கட்டினால் தீரும். ஆனால் 12 இடத்தில் 12 ட்ராக் என்றான பிறகு ‘ஸ்டேட்டிக் எளிமையானது’ என்ற காரணம் போய்விட்டது.

இன்னொன்று, இரண்டு கோரிலும் கான்ஃபிக் ஒன்றாக இருக்க வேண்டும். எம்லாக் அல்லது விபிசி ஜோடியில் (கீழ் ஸ்விட்ச்சுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு கோரில்) ஒன்றில் வரி விட்டுப்போனால் அறிகுறி விசித்திரமாக இருக்கும். ஒரு பிசியிலிருந்து டிஎன்எஸ் பளிச்சென்று வரும். பக்கத்து மேசைப் பிசியில் வரவே வராது. ஆக்ஸஸ் ஸ்விட்ச்சின் ஹேஷ் முதல் பிசியை இடது கோருக்கும் இரண்டாவதை வலது கோருக்கும் அனுப்புகிறது, அவ்வளவுதான் விஷயம். டிஎன்எஸ் சர்வரை ரீஸ்டார்ட் செய்து பயனில்லை.

இது சரியான தேர்வு எப்போது: விஆர்எஃப் இரண்டே இரண்டு, ப்ரீஃபிக்ஸ் இரண்டு மூன்று, அவை இடம் மாறப் போவதில்லை, பெட்டியில் ஸ்டேட்டிக் லீக் முறையாக ஆதரிக்கப்படுகிறது. மேலாண்மை விஆர்எஃப்புக்கு ஒரே ஒரு ஜம்ப் சர்வரைக் காட்டுவது நல்ல உதாரணம்.

## பிஜிபி ரூட்-டார்கெட்

பிஜிபி என்றதும் ஐஎஸ்பி, நெய்பர், ஏஎஸ் எண் வாங்குவது என்று பயந்துவிடுகிறார்கள். இங்கே பிஜிபி வெளியே யாரோடும் பேசுவதில்லை. ஸ்விட்ச்சுக்குள்ளேயே ஒரு டேபிளிலிருந்து ரூட்டை எடுத்து லேபிள் (இதுதான் ரூட்-டார்கெட்) ஒட்டி, அந்த லேபிளைக் கேட்கும் இன்னொரு டேபிளில் போடுகிறது. 2006இல் வந்த ஆர்எஃப்சி 4364 சொல்லும் எம்பிஎல்எஸ் விபிஎன் முறையில், எம்பிஎல்எஸ்ஸைக் கழற்றிவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்துகிறோம். ஏஎஸ் எண்ணாகத் தனிப்பயன் வரம்பில் ஒன்றைப் போடலாம், இங்கே 65000.

ஐஓஎஸ்-எக்ஸ்இயில் செய்முறை இப்படிப் போகும்:

1. ஒவ்வொரு விஆர்எஃப்புக்கும் தனி ஆர்டி (ரூட் டிஸ்டிங்குவிஷர்): அலுவலகம் 65000:10, கேமரா 65000:20, விருந்தினர் 65000:30, சேவை 65000:99. ஒரே ப்ரீஃபிக்ஸ் இரண்டு விஆர்எஃப்பில் இருந்தாலும் பிஜிபி டேபிளில் கலந்துவிடாமல் பிரித்துக் காட்டுவது மட்டுமே ஆர்டியின் வேலை. யாருக்கு எந்த ரூட் போகும் என்பதில் அதற்குப் பங்கில்லை.
2. அந்த முடிவு ரூட்-டார்கெட்டுடையது. அலுவலகத்தில் எக்ஸ்போர்ட் 65000:10, இம்போர்ட் 65000:99. கேமரா, விருந்தினரும் அப்படியே, தத்தம் எண்ணோடு.
3. சேவையில் எக்ஸ்போர்ட் 65000:99. இம்போர்ட் 65000:10, 65000:20, 65000:30.
4. ரௌட்டர் பிஜிபி 65000இன் கீழ் ஒவ்வொரு விஆர்எஃப்புக்கும் ஐபிவி4 அட்ரஸ்-ஃபேமிலி. அதற்குள் ரீடிஸ்ட்ரிபியூட் கனெக்டட். உள்ளே ஓஎஸ்பிஎஃப் (உள் நெட்வொர்க்கின் ரூட்டிங் ப்ரோட்டோகால்) ஓடினால் அதற்கும் ஒன்று.

நான்காவது பயனர் விஆர்எஃப் வந்தால், அதில் இரண்டு வரி, சேவையில் ஒரு வரி. மற்ற மூன்றைத் தொட வேண்டியதில்லை. சேவையில் புதிய சப்நெட் சேர்ந்தால் யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. ஸ்டேட்டிக்கோடு ஒப்பிட்டால் பிஜிபி ஜெயிப்பது இந்த இடத்தில்தான். சேவைக்கு வந்து சேர்ந்த அலுவலக ரூட்டை சேவை மறுபடி விருந்தினருக்கு எக்ஸ்போர்ட் செய்யாது என்பது கூடுதல் பாதுகாப்பு. இம்போர்ட்டில் வந்தது அங்கேயே நிற்கும்.

இனி, எங்கே இடறும் என்று பார்ப்போம். இந்த வழியில் கண்ணிகள் நிறைய.

ஓஎஸ்பிஎஃப் ரூட் பாதிதான் வருகிறது. ஐஓஎஸ்ஸில் ஓஎஸ்பிஎஃப்பை பிஜிபிக்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்தால் இன்டர்னல் ரூட்கள் மட்டுமே போகும். எக்ஸ்டர்னல் 1, எக்ஸ்டர்னல் 2 வேண்டுமென்றால் ‘மேட்ச்’ போட்டுச் சொல்ல வேண்டும். டிஃபால்ட் ரூட்டும் தானாக வராது. தனியே ஒரிஜினேட் செய்ய வேண்டும். நெக்ஸஸில் ரூட்-மேப் கொடுக்காமல் ரீடிஸ்ட்ரிபியூட் வரியையே ஏற்காது. எரிச்சலாக இருந்தாலும் நல்ல பழக்கம்.

கீழே இருக்கும் ஸ்விட்ச்சுக்கு ரூட் போய்ச் சேரவில்லை. லீக் ஆகி வந்த பிஜிபி ரூட்டை விஆர்எஃப்பின் ஓஎஸ்பிஎஃப்புக்குள் ரீடிஸ்ட்ரிபியூட் செய்கிறீர்கள். கீழ் ஸ்விட்ச்சிலும் விஆர்எஃப் இருக்கிறது. அதன் ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸில் எல்எஸ்ஏ (ரூட்டை அறிவிக்கும் பதிவு) தெளிவாகத் தெரிகிறது. ரூட்டிங் டேபிளில் மட்டும் இல்லை. காரணம் டிஎன் பிட். எம்பிஎல்எஸ் விபிஎன்னில் லூப் வராமல் இருக்க வைத்த ஏற்பாடு இது: பிஜிபியிலிருந்து வந்த ரூட்டில் அந்த பிட்டை ஏற்றி அனுப்புவார்கள், விஆர்எஃப்பில் ஓஎஸ்பிஎஃப் ஓட்டும் இன்னொரு பெட்டி அதைப் பார்த்ததும் ஒதுக்கிவிடும். நமக்கு எம்பிஎல்எஸ்ஸே இல்லை என்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. கீழ் ஸ்விட்ச்சின் ஓஎஸ்பிஎஃப் ப்ராசஸில் ‘கேப்பபிலிட்டி விஆர்எஃப்-லைட்’ போட்டால் சோதனை நிற்கும். போட்ட நொடியில் அந்த ப்ராசஸின் அட்ஜசென்சி விழுந்து எழலாம். வேலை நேரத்தில் செய்யாதீர்கள்.

டிஃபால்ட் ரூட் தடம் மாறுகிறது. லீக் ஆகி வரும் ரூட் ஐஓஎஸ்ஸில் டிஸ்டன்ஸ் 20ஓடு உட்காரும் (ஒரே ரூட் இரு வழியில் வந்தால் டிஸ்டன்ஸ் குறைந்ததே ஜெயிக்கும்). ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. சேவையின் 0.0.0.0/0 தெரியாமல் எக்ஸ்போர்ட் ஆனால் அலுவலகத்தின் சொந்த டிஃபால்ட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இன்டர்நெட் முழுக்க சேவை வழியே போகத் தொடங்கும். அதனால் எக்ஸ்போர்ட்டிலோ இம்போர்ட்டிலோ ப்ரீஃபிக்ஸ்-லிஸ்ட் இல்லாமல் விடவே கூடாது.

ஃபில்டர் போட்டும் ரூட் கசிகிறது. ஐஓஎஸ்ஸில் எக்ஸ்போர்ட் மேப்பில் பொருந்தாத ரூட், விஆர்எஃப்பில் எழுதிய பொது ரூட்-டார்கெட்டோடு வெளியே போகத்தான் செய்யும். தடுக்க வேண்டுமென்றால் இம்போர்ட் மேப்பில் தடுப்பது நம்பகமானது. எக்ஸ்போர்ட் மேப்பில் கூடுதல் ரூட்-டார்கெட் ஒட்டும்போது ‘அடிட்டிவ்’ என்ற சொல் விட்டுப்போனால் பழைய லேபிள் அழிந்து புதியது மட்டும் நிற்கும். நேற்று வரை ஓடிய விஆர்எஃப் இன்று ஓடாமல் போவதற்கு இந்த ஒரு சொல் போதும்.

குளோபல் டேபிளிலிருந்து எடுப்பது வேறு கட்டளை. அதற்கு ரூட்-டார்கெட் பயன்படாது. விஆர்எஃப்புக்குள் தனி இம்போர்ட் வரியும் ரூட்-மேப்பும் வேண்டும். ஐஓஎஸ்ஸிலும் நெக்ஸஸிலும் அதன் இயல்பு வரம்பு 1,000 ப்ரீஃபிக்ஸ். 1,001ஆவது வராதபோது எங்கே தேடுவது என்று இப்போது தெரியும்.

மற்றப் பெட்டிகளில்: எஃப்ஆர்ஆரில் ‘இம்போர்ட் விஆர்எஃப்’ என்ற ஒற்றை வரி ஆர்டி, ரூட்-டார்கெட் எல்லாவற்றையும் உள்ளுக்குள்ளேயே பார்த்துக்கொள்ளும். அரிஸ்டாவில் பிஜிபியே இல்லாமல் ‘ரௌட்டர் ஜெனரல்’ பகுதியில் ‘லீக் ரூட்ஸ்’ என்று எழுதி, எந்த விஆர்எஃப்பிலிருந்து எந்த ரூட்-மேப் வழியே என்று சொன்னால் முடிந்தது. ஜூனிபரில் ஒரே பெட்டிக்குள் என்றால் ‘ஆட்டோ-எக்ஸ்போர்ட்’ அல்லது ரிப்-குரூப். விஎக்ஸ்லான் ஈவிபிஎன் ஃபேப்ரிக் வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே ரூட்-டார்கெட்டில்தான் வாழ்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது /32 ஹோஸ்ட் ரூட்களையும் சேர்த்து லீக் செய்துவிடாமல் இருப்பது. எல்லா லீஃபிலும் செய்வதைவிட பார்டர் லீஃபில் மட்டும் செய்து, மற்ற லீஃப்களுக்குச் சுருக்க ரூட்டை அனுப்பினால் டேபிள் தப்பிக்கும். ட்ராஃபிக் ஒரு சுற்று அதிகம் போகும் என்பது அதற்கு விலை.

இது சரியான தேர்வு எப்போது: பொதுச் சேவை ஒன்று, அதைப் பல விஆர்எஃப்கள் தொட வேண்டும், ரூட்கள் மாறிக்கொண்டே இருக்கும், நடுவில் செஷன் சோதனை கட்டாயமில்லை. எடுத்துக்கொண்ட அமைப்பில் அலுவலகத்துக்கும் சேவைக்கும் இடையே இதைத்தான் போடுவேன்.

## ஃபயர்வால் வழி

இங்கே ஸ்விட்ச்சுக்குள் லீக்கே கிடையாது. ஒவ்வொரு விஆர்எஃப்பிலிருந்தும் ஒரு விலான் ட்ரங்க்கில் ஏறி ஃபயர்வாலுக்குப் போகிறது. அங்கே ஒவ்வொன்றும் ஒரு ஜோன். ஹெச்ஏ ஜோடி, இரண்டு கோர், ஒரு விர்ச்சுவல் ஐபி என்றால் /29 போதும். விருந்தினரையும் கேமராவையும் சேவையோடு இணைக்க எனக்கு வேறு வழி பிடிப்பதில்லை. நூறு ரூபாய் கேமராவின் ஃபர்ம்வேரை நம்பி ஏடி சர்வருக்கு ரூட் திறந்துவிடுவதும், அதற்குக் காவலாக ஏசிஎல்லில் ‘எஸ்டாப்ளிஷ்ட்’ என்று எழுதி வைப்பதும் பாதுகாப்பு ஆகாது.

செலவுக் கணக்கில் விட்டுப்போவது ட்ரங்க்கின் அளவு. ஒரே 10 கிகாபிட் ட்ரங்க்கில் உள்ளே போய் அதிலேயே வெளியே வரும்போது, அலுவலகத்திலிருந்து சேவைக்குப் போகும் 6 கிகாபிட்டும் திரும்பி வரும் 4 கிகாபிட்டும் சேர்ந்து இரு திசையையும் தனித்தனியே நிரப்பிவிடும். இரு பக்க ட்ராஃபிக்கின் கூட்டுத்தொகை 10ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபயர்வால் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்க்காமல், ஐபிஎஸ் (ஊடுருவல் தடுப்பு) ஓடும்போது கிடைக்கும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இரவு பேக்கப் இந்த வழியே போகுமா என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

ரூட்டிங்கில் எல்லாரும் ஒரு முறையாவது முட்டிக்கொள்ளும் சுவர், ஏஎஸ் லூப். கோரின் நான்கு விஆர்எஃப்களும் 65000, ஃபயர்வால் 65100. சேவையின் ரூட் 65000இலிருந்து 65100க்குப் போய், அலுவலகத்துக்கென்று திரும்பி வரும்போது ஏஎஸ் பாத்தில் 65100 65000 என்று இருக்கும். கோர் தன் எண்ணைப் பார்த்ததும் லூப் என்று தூக்கி எறிந்துவிடும். நெய்பர் அப், ஃபயர்வால் அனுப்புகிறது, கோரில் ரூட் இல்லை. கோரில் ‘அலவ்ஏஎஸ்-இன்’ போடலாம். ஃபயர்வாலில் ஏஎஸ் ஓவர்ரைடு போடலாம். விஆர்எஃப்புக்கு விஆர்எஃப் ‘லோக்கல்-ஏஎஸ்’ மாற்றலாம். இவற்றையெல்லாம்விட எளிது, ஃபயர்வாலிலிருந்து டிஃபால்ட் ரூட்டை மட்டும் ஒரிஜினேட் செய்து எல்லா விஆர்எஃப்புக்கும் அனுப்புவது. அது 65100இல் பிறந்த ரூட் என்பதால் சோதனையில் மாட்டாது. பயனர் விஆர்எஃப்புக்கு அதற்கு மேல் எதுவும் தேவையும் இல்லை.

இது சரியான தேர்வு எப்போது: இரு பக்கமும் நம்பிக்கை அளவு வேறு, லாக் வேண்டும், ஐபி எண்கள் மோதுகின்றன, அல்லது ‘இந்தப் பயனர் இந்தப் போர்ட்’ என்று பாலிசி எழுத வேண்டியிருக்கிறது.

## மற்ற இரண்டு

பிபிஆர் என்பது ரூட்டைப் பகிர்வது அல்ல. குறிப்பிட்ட பாக்கெட்டை மட்டும் பிடித்து ‘செட் விஆர்எஃப்’ மூலம் வேறு டேபிளில் தேடவைப்பது. சோர்ஸ் ஐபியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய ஓரிரு விதிவிலக்குக்கு உதவும். திரும்பும் வழிக்கும் இன்னொரு பிபிஆர் எழுத வேண்டும், ஒவ்வொரு வரியும் டிகாமை (ஹார்டுவேர் டேபிளின் மெமரியை) தின்னும், ‘ஷோ ஐபி ரூட்’ பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாத கான்ஃபிக் இதுதான்.

லூப் கேபிள் என்றால் ஒரே ஸ்விட்ச்சின் இரண்டு போர்ட்டை ஒரு பேட்ச் கார்டால் இணைத்து, ஒரு முனையை ஒரு விஆர்எஃப்பிலும் மறு முனையை மற்றதிலும் வைப்பது. சிரிக்க வேண்டாம், லேபிலும் அவசரத்திலும் ஓடும். இரண்டையும் ரௌட்டட் போர்ட்டாக வையுங்கள். ஸ்விட்ச்போர்ட்டாக விட்டால் ஸ்பானிங் ட்ரீ தன் பிபிடியூவைத் தானே பார்த்து ஒரு முனையை அடைத்துவிடும். எல்லா எல்3 இன்டர்ஃபேஸுக்கும் ஒரே மேக் அட்ரஸ் கொடுக்கும் பெட்டிகளில் ஏஆர்பி நிறைவேறாது, ஒரு முனைக்கு மேக்கைக் கையால் மாற்ற வேண்டும். அந்தக் கேபிளில் லேபிள் ஒட்டாமல் போகாதீர்கள். ரேக்கைச் சுத்தம் செய்பவர் முதலில் பிடுங்குவது அதைத்தான்.

## எந்த வழி என்றாலும் வரும் இரண்டு ஆபத்துகள்

டிஃபால்ட்டை லீக் செய்தால் சுவர் இடிகிறது. சேவையில் இன்டர்நெட் ரௌட்டர் இருக்கிறது, அதனால் அதன் டிஃபால்ட்டை அலுவலகத்துக்கும் விருந்தினருக்கும் லீக் செய்கிறீர்கள். விருந்தினர் மடிக்கணினி 10.10.5.20க்கு ஒரு பாக்கெட் அனுப்புகிறது. விருந்தினர் டேபிளில் 10.10 இல்லை, டிஃபால்ட் பிடிக்கிறது, பாக்கெட் இன்டர்நெட் ரௌட்டருக்குப் போகிறது. பதில் ட்ராஃபிக் திரும்பி வர வேண்டுமே என்று அந்த ரௌட்டரில் 10.0.0.0/8ஐ ஸ்விட்ச்சின் சேவைப் பக்கம் காட்டியிருக்கிறீர்கள். பாக்கெட் சேவைக்குத் திரும்புகிறது. சேவைக்கு அலுவலக ரூட் தெரியும். சென்று சேர்ந்துவிட்டது. விருந்தினரில் அலுவலக ரூட் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் வழி திறந்திருக்கிறது.

ஜூனிபரின் ‘நெக்ஸ்ட்-டேபிள்’ இதையே ரௌட்டர் வரை போகாமல் செய்துவிடும். பிஜிபி லீக்கில் தேடல் ஒரே டேபிளில் முடிந்து, வெளியேறும் இன்டர்ஃபேஸ் அங்கேயே தெரிந்துவிடுகிறது. ‘நெக்ஸ்ட்-டேபிள்’ பாக்கெட்டை இரண்டாவது டேபிளில் மறுபடி தேடவைக்கிறது. சேவைக்குத் தெரிந்த எல்லாமே விருந்தினருக்கும் தெரிந்ததாகிவிடும். இரு திசையிலும் அதைப் போட்டால் லூப் ஆகலாம் என்று கமிட்டே மறுக்கும், ஒரு திசைக்கு ரிப்-குரூப் தேவைப்படும் என்பதும் நினைவிருக்கட்டும். எப்படியானாலும், பயனர் விஆர்எஃப் ஒவ்வொன்றின் எஸ்விஐயிலும் மற்றப் பயனர் எண்களை மறுக்கும் ஏசிஎல் ஒன்று உள்வரும் திசையில் இருப்பது நல்லது.

பாதி லீக், பாதி ஃபயர்வால். அலுவலகத்தில் சேவையின் ரூட்டை லீக் செய்தாயிற்று. சேவையில் அலுவலகத்தின் ரூட் விட்டுப்போயிற்று, அங்கே டிஃபால்ட் ஃபயர்வாலைக் காட்டுகிறது. பிசியின் சின் (டிசிபி இணைப்பின் முதல் பாக்கெட்) நேராக சர்வருக்குப் போகிறது. சர்வரின் பதிலான சின்-ஆக் ஃபயர்வாலுக்குப் போகிறது. அந்தச் செஷனின் தொடக்கத்தைப் பார்க்காத ஃபயர்வால் அதைத் தூக்கிப் போடுகிறது. பிசியில் பார்த்தால் டைம்அவுட். ஒரு ஜோடி விஆர்எஃப்புக்கு ஒரே வழி என்று முடிவு செய்து, இரு திசையையும் அதிலேயே வையுங்கள்.

சோதிக்கும்போது ஸ்விட்ச்சிலிருந்து மற்ற விஆர்எஃப்பின் எஸ்விஐ ஐபிக்குப் பிங் அடித்துப் பார்த்து ஏமாற வேண்டாம். பல பெட்டிகளில் சப்நெட் ரூட் லீக் ஆகும், ஸ்விட்ச்சின் சொந்த /32 ஐபி லீக் ஆகாது. பின்னால் இருக்கும் உண்மையான ஹோஸ்டிலிருந்து ஹோஸ்டுக்கு, பிங்கோடு ஒரு டிசிபி போர்ட்டையும் சோதியுங்கள்.

## ஸ்டேட்டிக்கிலிருந்து பிஜிபிக்கு மாறுவது

மூன்று வரியில் தொடங்கிய ஸ்டேட்டிக் முப்பதாகி, மாற வேண்டும் என்று வருபவர்களுக்கு: ஸ்டேட்டிக்கின் டிஸ்டன்ஸ் 1, லீக் ஆன பிஜிபி 20. அதனால் பழையதை நீக்காமலே புதியதை முழுக்கக் கட்டலாம், ட்ராஃபிக் அசையாது.

ஒரே எச்சரிக்கை, பிஜிபியில் ‘ரீடிஸ்ட்ரிபியூட் ஸ்டேட்டிக்’ இருந்தால் முதலில் அதற்கு ஃபில்டர் போடுங்கள். இல்லையென்றால் அலுவலகத்தில் இருக்கும் லீக் ஸ்டேட்டிக், அலுவலகத்தின் லேபிளோடு சேவைக்கே திரும்பிப் போகும். சேவை அதே ப்ரீஃபிக்ஸை ஓஎஸ்பிஎஃப்பில் 110ஓடு வைத்திருந்தால் 20ஓடு வந்த நகல் அதை முந்தக்கூடும். அசல் ரூட் மறைந்த பிறகும் நகல் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பிறகு விஆர்எஃப் வாரியாக பிஜிபி டேபிளில் எல்லா ப்ரீஃபிக்ஸும் வந்திருக்கிறதா என்று ஸ்டேட்டிக் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். ஒரு கோரில், ஒரு விஆர்எஃப்பில், ஒரு ஸ்டேட்டிக்கை மட்டும் நீக்குங்கள். ரூட்டிங் டேபிளில் எஸ் (ஸ்டேட்டிக்) போய் பி (பிஜிபி) வந்ததா, செஃப் (பாக்கெட்டை அனுப்பும்) டேபிளில் வெளியேறும் இன்டர்ஃபேஸ் முன்பிருந்ததேதானா என்று பாருங்கள். சரியென்றால் அந்தக் கோரில் மிச்சத்தை நீக்கிவிட்டு, மற்றக் கோரை மறுநாளுக்கு வையுங்கள்.